தகர டின்னும் பிளாஸ்டிக் ஃபைலும்

பாட்டி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்தோம். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. சித்தப்பா கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தார். உள்ளே தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை, ஒரு மாரியம்மன் படம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஒரு கட்டு ரசீது. ரசீதுகள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பாட்டி கட்டிய பணத்துக்கானவை. அவற்றோடு மடித்து வைத்திருந்த படிவத்தில், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. கொப்பரை தோண்டித் தோண்டித் தேய்ந்த விரல் என்பதால் கோடுகள்கூடச் சரியாக விழவில்லை.

அதே வீட்டில், அதே மேசை மீது, இப்போது என் அத்தை மகனின் பிளாஸ்டிக் ஃபைல் இருக்கிறது. வெல்டிங் செய்த இடங்களின் புகைப்படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே மலேசியத் திறன் சான்றிதழ். அதில் அவனுடைய முழுப்பெயர் அச்சாகியிருக்கிறது.

தகர டின்னிலிருந்து பிளாஸ்டிக் ஃபைல் வரைக்கும் உள்ள தூரம்தான் பாகான் டத்தோவில் எங்கள் சனம் நடந்து வந்த தூரம். தோட்டம் எங்களுக்கு வீடு கொடுத்தது, பள்ளிக்கூடம் கொடுத்தது, மருந்து கொடுத்தது, கோயிலுக்கு இடம் கொடுத்தது. அதில் எதையும் எடுத்துக்கொண்டு வெளியே வர முடியாது. சேமநிதியும் கூட்டுறவுப் பங்கும் கைத்தொழிலும் சான்றிதழும்தான் ஆளோடு கூட வந்தன. ஏழைத் தொழிலாளி தன் காலில் நிற்பது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை. வேலை போனாலும் வீடு மாறினாலும் நம்மோடு வருவது என்ன? அன்றும் இன்றும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

தேங்காய்க் காலம்

பேரா ஆறும் பெர்னாம் ஆறும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே நாக்கு நீட்டியதுபோல் கிடக்கும் நிலம் பாகான் டத்தோ. பேரா மாநிலம் என்றதும் மற்றவர்களுக்கு நினைவுக்கு வருவது ஈப்போவின் ஈயமும் சுங்கை சிப்புட்டின் ரப்பரும். எங்களுக்குத் தென்னை. கடலோரக் களிமண்ணும் உப்புக்காற்றும் தென்னைக்கு ஒத்துப்போயின. கடல் நீர் ஏறாமல் கரை கட்டி, மதகு வைத்து, வரிசை வரிசையாக வாய்க்கால் வெட்டித்தான் இந்த மண்ணைத் தோட்டமாக்கினார்கள். அந்த வாய்க்கால்களைத் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் 'பாரிட்' என்றே சொல்கிறோம். பக்கத்து ஜெண்ட்ராத்தாவில் டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் ஆனது. அதையொட்டியும் அதற்குப் பிறகும் இந்தக் கரையோரத்தில் எழுந்த தோட்டங்களில் மண் வெட்டியதும் மரம் நட்டதும் பெரும்பாலும் தமிழ்க் கைகள்.

தாத்தா தேங்காய் உரிப்பவர். கூரான இரும்பு முனையைத் தரையில் நட்டு, காயை அதில் குத்தித் திருப்பி, மூன்று நான்கு அசைவில் மட்டையைக் கழற்றிப் போடுவார். ஒரு நாளைக்கு ஆயிரம் காய்க்கு மேல் உரித்தால்தான் கூலி கட்டுப்படியாகும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் முனை உள்ளங்கையில் ஏறிவிடும். பாட்டிக்குக் கொப்பரைக் கொட்டகையில் வேலை. உடைத்துக் காயவைத்த மூடியிலிருந்து பருப்பை வளைந்த கத்தியால் தோண்டி எடுக்க வேண்டும். புகையும் எண்ணெய் வாசமும் அவருடைய சேலையில் எப்போதும் ஒட்டியிருக்கும். வயதான பிறகும், துவைத்த துணியில்கூட, அந்த வாசம் வந்ததாக எனக்கு நினைவு.

விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டதும் "ஐயா" என்று குரல் கொடுத்தால் கணக்கெழுதும் கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு போடுவார். அந்தக் கோடுதான் அன்றைய சோறு. மழை பெய்தால் கோடு இல்லை. 1920களின் கடைசியில், இந்திய அரசாங்கம் வற்புறுத்திய பிறகு, மலாயாத் தோட்டங்களில் வகுக்கப்பட்ட கூலி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் 28, 24 காசாக இறங்கியது. கூலியை உயர்த்தக் கேட்கவோ வேறு இடம் தேடவோ தெம்பு இல்லாதபடி வாழ்க்கை முழுவதும் தோட்டத்துக்குள்ளேயே சுற்றியது. கடையில் கடன், சம்பள நாளில் கழிவு, மிச்சத்தில் கள்ளுக்கடை. தென்னந்தோட்டத்தில் கள்ளுக்குப் பஞ்சமே இல்லை. சம்பளக் கவர் பல வீடுகளில் பெண்கள் கைக்கு வருமுன்பே மெலிந்துவிடும்.

சம்பள நாளைப் பற்றிப் பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் கிராணி, இந்தப் பக்கம் நீண்ட வரிசை. கட்டைவிரலை மைத் திண்டில் அழுத்தி, அவர் காட்டும் கட்டத்தில் ஒற்ற வேண்டும். "எவ்வளவு கழிச்சிருக்காங்கன்னு எனக்கு என்னய்யா தெரியும்? அவரு காட்டுன எடத்துல வச்சேன். பணத்த எண்ணிக்கிட்டே வெளிய வந்தேன்" என்பார். கணக்கு எழுதியவருக்கு மட்டுமே கணக்குத் தெரிந்த காலம் அது. எழுத்தறிவும் பணமும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை எந்தப் பொருளாதாரப் புத்தகத்தையும்விட அந்த மைத் திண்டு எனக்கு நன்றாகக் கற்பித்தது.

பள்ளிக்கூடம் இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இன்று பேராவில் நிற்கும் 134 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் வேர் அங்கேதான். தமிழை இந்த மண்ணில் தக்கவைத்தவை அவை. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் தோட்டப் பள்ளியிலிருந்து அடுத்த படிக்கு ஏணி இல்லை. தொடக்கப் படிப்பு முடிந்ததும் பையன் அப்பாவோடு காட்டுக்குப் போவான், பெண் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வாள். என் அத்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிப்போக வீட்டில் கைக்குழந்தை இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

பத்து வெள்ளி

ஆளோடு கூட வரும் முதல் பணம் 1951இல் பிறந்தது. ஊழியர் சேமநிதிச் சட்டம் அந்த ஆண்டு வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து, முதலாளியிடமிருந்து நூற்றுக்கு ஐந்து என்று தொடங்கிய திட்டம். இன்று தொழிலாளியின் பங்கு நூற்றுக்குப் 11. தோட்டம் கைமாறினாலும் துரை மாறினாலும் அந்தப் பணம் அவன் பேரில் இருக்கும். மூன்றாண்டு கழித்து, 1954இல், பல தொழிற்சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி. பி. நாராயணன் அதன் முதல் பொதுச் செயலாளர். கூலியை மேசையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம் என்பதைத் தொழிலாளி முதன்முதலாகக் கண்டது அதற்குப் பிறகுதான்.

ஆனால் அதே பத்தாண்டில் வேறொரு இடி விழுந்தது. சுதந்திரம் நெருங்க நெருங்க வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி மறுபடி விற்றார்கள். பொருளாதார அறிஞர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். தோட்டம் துண்டானதும் தொழிலாளிக்கு வேலை போனது. வேலையோடு லயத்து வீடு போனது, பிள்ளையின் பள்ளி போனது, தண்ணீர்க் குழாய்கூடப் போனது.

அப்போதுதான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் ஒரு யோசனையோடு தோட்டம் தோட்டமாக வந்தார். விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கினால் என்ன? 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். அமைச்சராக இருந்தவர் லயத்து வாசலில் நின்று பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்தார். நாள் கூலி சில வெள்ளியாக இருந்த காலத்தில் பத்து வெள்ளி என்பது வீட்டில் பல நாள் அடுப்பெரிவது. அதைப் பாட்டி கொடுத்திருக்கிறார். தாத்தாவுக்குத் தெரியாமல் கொடுத்ததாகவும், தெரிந்தபோது பெரிய சண்டை வந்ததாகவும் அத்தை சொல்வார்.

பாட்டி அந்தப் பங்கால் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் ஆண்டுக்கொரு முறை லாப ஈவு வந்தால் அந்தத் தாளை எல்லாரிடமும் காட்டுவார். "நம்ம தோட்டம்" என்பார். பிறந்ததிலிருந்து மற்றவர் தோட்டத்தில் உழைத்த ஒரு பெண்ணின் வாயில் அந்தச் சொல் வந்தது சாதாரணக் காரியமில்லை. நிதி மேலாண்மை, முதலீடு என்று இன்று பெரிய பேச்செல்லாம் பேசுகிறோம். அவையெல்லாம் பாட்டிக்கு அந்த ரசீதில் இருந்தன. இன்றைய கூலியில் ஒரு பங்கை எடுத்து நாளைக்காக, தன் பெயரில், மற்றவரோடு சேர்ந்து வைப்பதை அவர் கைநாட்டுப் போட்டே கற்றுக்கொண்டார்.

கூட்டுப் பிடிப்பதும் அந்தக் காலத்து வழக்கம்தான். பத்துப் பேர் மாதம் ஒரு தொகை போட்டு, மாதம் ஒருவர் எடுத்துக்கொள்வது. நம்பிக்கை இருந்தவரை கலியாணத்துக்கும் கருமாதிக்கும் அது கை கொடுத்தது. பிடித்தவர் ஓடிப்போனால் எல்லாமே போயிற்று. 1971இல் நாடாளுமன்றம் கூட்டுத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது, நம் 'கூட்டு' என்ற சொல்லே சட்டத்தின் பெயரில் ஏறியது. அத்தனை பேர் ஏமாந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

தோட்டம் கைவிட்டபோது

கொப்பரைக்கு இருந்த மதிப்பு குறைந்தது. சமையலுக்கும் சோப்புக்கும் செம்பனை எண்ணெய் வந்து இடம் பிடித்தது. தென்னைக்கு அடியில் கொக்கோ வைத்துப் பார்த்தார்கள். 1980களில் விலை சரிந்து, காய்த் துளைப்பான் பூச்சியும் பரவியபோது அந்த நம்பிக்கையும் போனது. தென்னை சாய்ந்த இடங்களில் செம்பனை எழுந்தது. செம்பனைக்குத் தென்னை அளவு ஆள் தேவையில்லை. தேவைப்பட்ட ஆட்களும் இந்தோனேசியாவிலிருந்தும் பிறகு வங்காளதேசத்திலிருந்தும் வரத் தொடங்கினார்கள்.

ஆட்குறைப்பு செய்தால் இழப்பீடு தர வேண்டும் என்று 1980ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். கணக்கிட்டுப் பாருங்கள். முப்பது வருடம் உரித்த ஒருவருக்கு 600 நாள் கூலி. நாளுக்குப் பத்து வெள்ளி என்றால் ஆறாயிரம் வெள்ளி. அதை வைத்து வீடு வாங்க முடியாது, கடை வைக்கத் தெரியாது. பலரும் ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு மகளின் கலியாணம், பழைய கடன் என்று ஓர் ஆண்டுக்குள் தீர்த்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஐந்நூறு வெள்ளியைச் சேர்ந்தாற்போல் பார்த்திராதவர் கையில் ஆறாயிரத்தைக் கொடுத்து, அதை என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பேச ஒருவரையும் அனுப்பாதது யார் குறை?

இளைஞர்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போனார்கள். தொழிற்சாலை வேலை, லாரி அட்டெண்டன், பாதுகாவலர். தோட்டத்தில் தோட்டக்காரர்களாக இருந்தவர்கள் நகரத்தில் யாரும் இல்லாதவர்கள் ஆனார்கள். அடையாளப் பத்திரம் சரியில்லாதவர் பாடு இன்னும் மோசம். குடியுரிமைக்கான நீல அட்டை இல்லையென்றால் வங்கிக் கணக்கு இல்லை, லைசென்ஸ் இல்லை, பயிற்சி நிலையத்தில் இடமில்லை. 2011இல் பத்திரமில்லாதவர்களைப் பதிவு செய்யும் மைடஃப்தார் இயக்கம் நடந்தபோது, பத்திரமில்லாமலே வயதானவர்கள் எங்கள் பக்கத்திலிருந்தும் வரிசையில் நின்றார்கள்.

தோட்டங்கள் கைவிட்ட அந்தக் காலத்தில் சமுதாயம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. தோட்டத் தொழிலாளர் சங்கம் தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் போர்ட் கிள்ளானில் ஒரு தொழில்நுட்பக் கழகம் அமைத்தது. 1979இல் கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியம் எழுந்தது. 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா மலாயாப் பல்கலைக்கழக மாணவர்களைத் திரட்டி ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். வார இறுதி வகுப்பும் கல்வி யாத்திரையுமாக எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனது அது. 1984இல் எம்.ஐ.இ.டி. என்ற கல்வி மேம்பாட்டு நிறுவனம் வந்தது, அதன் வழியாகக் கல்விக் கடனும் பிறகு கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் வந்தன.

இவையெல்லாம் தேர்வில் நன்றாக எழுதிய பிள்ளைக்குத் திறந்த கதவுகள். புகுமுக வகுப்பில் மலாய் புரியாமல் பின்தங்கி, மூன்றாம் படிவத்தில் பள்ளியை விட்ட பையனுக்கு எந்தக் கதவு? என் அத்தை மகன் அப்படிப்பட்டவன். பதினாறு வயதில் பள்ளியை விட்டு, தெலுக் இந்தானில் ஒரு பட்டறையில் கிரில் கதவு வெல்டிங் கற்றுக்கொண்டான். இருபது வருடம் அதே வேலை. கை அவ்வளவு சுத்தம். ஆனால் எங்கே போனாலும் சம்பளம் பேசும்போது கேட்பார்கள்: "சிஜில் இருக்கா?" சிஜில் என்றால் சான்றிதழ்.

இன்று: கைத்திறனுக்குக் கிடைத்த தாள்

பாகான் டத்தோ 2017 ஜனவரியில் பேராவின் 12ஆவது மாவட்டம் ஆனது. இன்று இங்கே பாலிடெக்னிக் இருக்கிறது. மேற்குக் கரை நெடுஞ்சாலை ஊத்தான் மெலிந்தாங்கைத் தொட்டுப் போகிறது. கடல் வற்றும் வேளையில் வானம் தரையில் தெரியும் பெராஸ் பாசா மணல்திட்டைப் பார்க்கப் படகில் கூட்டம் போகிறது. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் முதன்முதலாக வந்தபோது தீபகற்பத்தில் 900 வெள்ளி, 2025இல் 1,700 வெள்ளி. அன்றைய 40 காசை நினைத்தால் கண் விரிகிறது. சந்தையில் மீன் விலையைப் பார்த்தால் சுருங்கிவிடுகிறது. சம்பளம் உயர்வது அவசியம்தான். ஆனால் வேலை போகும் நாளில் சம்பளமும் போய்விடும். கைத்தொழிலை யாரும் பறிக்க முடியாது.

2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் பெரிய திருப்பம். மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலை. அதற்கு மேல் டிப்ளோமா, உயர்நிலை டிப்ளோமா. பள்ளித் தேர்வில் என்ன வாங்கினாய் என்று அது முதலில் கேட்பதில்லை, என்ன செய்யத் தெரியும் என்று கேட்கிறது. மூன்றாம் நிலையைத் தொட்டவனுக்கு டிப்ளோமா படிக்கவும் வழி இருக்கிறது. 2011இல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம் இந்தக் கதவைத்தான் பிடித்துக்கொண்டது. பள்ளியிலிருந்து விழுந்த, தெருவில் தடம் மாறக்கூடிய இளைஞர்களை எடுத்து, எங்கள் பேரா எல்லையைத் தொட்டாற்போல் இருக்கும் களும்பாங்கில் தங்கவைத்து, மின்சாரமும் வெல்டிங்கும் குளிர்சாதனப் பராமரிப்பும் கற்றுக்கொடுக்கிறது. அங்கே முதலில் கற்றுத்தருவது காலையில் எழுந்திருப்பதும் ஒருவர் பேசும்போது கேட்பதும் என்று அறிந்தபோது எனக்குப் பெரட்டு நினைவுக்கு வந்தது. அன்று மற்றவருக்காக விடியுமுன் எழுந்தார்கள், இவர்கள் தங்களுக்காக எழுகிறார்கள்.

சரி, முப்பத்தாறு வயதில் பெண்டாட்டி பிள்ளையோடு இருப்பவன் விடுதியில் போய்ச் சேர முடியுமா? அவனுக்கும் ஒரு வழி இருக்கிறது என்பது எங்கள் வீட்டுக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. பி.பி.டி. என்று சொல்கிறார்கள், முன் அனுபவத்துக்கு அங்கீகாரம். வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. அந்தத் தொழிலுக்கென்று அரசு வகுத்த தர அளவு ஒன்று இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு வேலையையும் தான் செய்திருப்பதற்குச் சான்று காட்டி ஒரு தொகுப்புத் தயாரிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, கேள்வி கேட்டு, செய்து காட்டச் சொல்லி முடிவு செய்வார்.

அந்தத் தொகுப்பைத் தயாரித்த இரவுகள் மறக்க முடியாதவை. அவன் மகள் படிவம் இரண்டு படிக்கிறாள். அவள் மலாயில் எழுத, அவன் தமிழில் சொல்ல, நான் நடுவில். "அப்பா, கம்பியைப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?" "துரு தேய்ப்பேன். அப்புறம் இடைவெளி பார்ப்பேன்." "எவ்வளவு இடைவெளி?" அவன் கையை நீட்டி, இரண்டு விரல்களுக்கு நடுவே மெல்லிய சந்து காட்டினான். "இவ்வளவு." அவள் அளவுகோலை எடுத்து அந்தச் சந்தில் வைத்து, மில்லிமீட்டர் கணக்கை எழுதினாள். இருபது வருடமாக அவன் விரலுக்கு மட்டும் தெரிந்திருந்தது, அந்த நிமிடம் தாளில் ஏறியது. சான்றிதழ் வந்த பிறகு அவன் சேர்ந்த கப்பல் பட்டறையில் பேசிய சம்பளம் முன்பைவிட நன்றாக உயர்ந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது இன்னொன்று. இப்போது "சிஜில் இருக்கா?" என்று யாராவது கேட்டால் அவன் தலை குனிவதில்லை.

அத்தையின் இரண்டு நோட்டு

அத்தை தேங்காய் எண்ணெய் காய்ச்சி விற்கிறார். பால் எடுத்து, அடுப்பில் நிதானமாகக் காய்ச்சி, கசண்டு பொன்னிறமாகும்போது இறக்கும் பழைய முறை. நல்ல எண்ணெய், வாங்குவோரும் உண்டு. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாது. பெண்களுக்கான ஒரு சிறுதொழில் வகுப்பில் பயிற்றுநர் அவரிடம் இரண்டு நோட்டு வாங்கச் சொன்னார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று எண்ணெய்க்கு. காய், எரிவாயு, போத்தல், மகனின் மோட்டாருக்குப் போட்ட பெட்ரோல் எல்லாவற்றையும் இரண்டாம் நோட்டில் எழுதச் சொன்னார். கடைசியில், "உங்க கூலிய எங்கம்மா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாராம்.

அத்தை அதை எங்களிடம் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. "எனக்குக் கூலின்னு ஒன்னு இருக்குன்னே நான் நெனச்சதில்லப்பா." கொல்லைத் தென்னையில் விழுந்த காயை விலையில்லாதது என்றும், தன் உழைப்பைக் கணக்கில்லாதது என்றும் நினைத்தே அத்தனை ஆண்டு விற்றிருக்கிறார். விலையைக் கொஞ்சம் ஏற்றினார். இரண்டு வாடிக்கையாளர் போனார்கள், மற்றவர்கள் இருந்தார்கள். இப்போது எண்ணெய் நோட்டிலிருந்து வீட்டு நோட்டுக்கு மாதம் ஒரு தொகை 'சம்பளம்' என்று மாறுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து கோணல்மாணல்தான். ஆனால் கணக்கு எழுதுபவரும் அவரே, கணக்குத் தெரிந்தவரும் அவரே.

இப்படிப்பட்ட பெண்களுக்கு இன்று வாசல்கள் கூடியிருக்கின்றன. வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியைப் பார்த்து 1980களின் நடுவில் சோதனையாகத் தொடங்கி, 1987இல் நிறுவனமான அமானா இக்தியார் மலேசியா, ஈடு கேட்காமல், குழுவாகச் சேர்ந்த பெண்களை நம்பிக் கடன் தருகிறது. 2024இல் அதன்கீழ் இந்தியப் பெண்களுக்கென்றே 50 மில்லியன் வெள்ளியில் ஒரு திட்டம் வந்தது. அதற்கு வைத்த பெயர் 'பெண்'. சிறுதொழில் கடன் தரும் தெக்குனில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் இருக்கிறது. சொந்தத் தொழில் செய்பவரும் சேமநிதியில் பணம் போடலாம். ஐ-சாரான் திட்டத்தில் நாம் போடுவதோடு அரசும் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்க்கிறது. அத்தை மாதம் தவறாமல் போடுகிறார். பாட்டியின் பத்து வெள்ளி நினைவுக்கு வராமல் போகுமா?

அன்று வேலை போனால் 20 நாள் கணக்கு மட்டும்தான். 2018 முதல் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதி இருக்கிறது. மாதம் சில வெள்ளி பிடித்தம், வேலை போனால் ஆறு மாதம் வரை தேடுதல் உதவித்தொகை, புதிய தொழில் கற்கப் பயிற்சிக் கட்டணம். வேலை இழந்த தொழிலாளியைச் சும்மா அனுப்பாமல் அடுத்த வேலைக்குத் தயார் செய்து அனுப்ப வேண்டும் என்பதை நாடு சட்டமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. தென்னை சாய்ந்த நாளில் இது இருந்திருந்தால் எத்தனை குடும்பங்களின் கதை வேறாகியிருக்கும்!

இன்னும் அடைபடாத ஓட்டை

எல்லாம் வந்துவிட்டது, இனிக் குறையில்லை என்று நான் எழுதினால் அது பொய். எங்கள் உறவில் இன்னொரு பையன் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். விளம்பரம் பெரிதாக இருந்தது. பாதியிலேயே நிலையத்தை மூடிவிட்டார்கள். பயிற்சிக்கென்று எடுத்த கடன் மட்டும் அவன் பெயரில் நின்றது. அவன் இன்று பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறான். ஒரு முறை ஏமாந்த ஏழை மறுபடி நம்பப் பத்து வருடம் ஆகும். மூன்று நாள் வகுப்பு நடத்தி, டி-சட்டை கொடுத்து, படம் எடுத்து அனுப்பும் பயிற்சிகளும் அந்த நம்பிக்கையைத்தான் தின்கின்றன.

ஆகவே தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். சேருமுன் நான்கு கேள்வி கேளுங்கள். திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற நிலையமா? முடித்தால் எந்த நிலைச் சான்றிதழ்? படிக்கும் காலத்தில் உதவித்தொகை உண்டா? போன ஆண்டு படித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் வராத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

திட்டம் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கத்துச் சுங்கை சுமுனில் இருப்பவன் ஈப்போவுக்குப் போய்ப் படிக்க வேண்டுமென்றால், அந்த மாதம் அவன் வீட்டில் யார் சோறு போடுவது என்பதையும் கணக்கில் எழுதுங்கள். எண்ணெய் நோட்டில் அத்தையின் கூலி விடுபட்டதுபோல, பயிற்சித் திட்டங்களில் தொழிலாளி இழக்கும் நாள்கூலி விடுபட்டுக்கொண்டே இருக்கிறது. படிவங்களை விளக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் கோயில் மண்டபத்தில் வாரம் ஒரு மாலை உட்கார்ந்தாலே பாதித் தடை நீங்கும். என் அத்தை மகனுக்கு வழி இல்லாமல் இருபது வருடம் போகவில்லை. வழி இருப்பதைச் சொல்ல ஆள் இல்லாமல்தான் பல வருடம் போனது.

சென்ற மாதம் அவன் தன் மகளைச் சேமநிதிக் கணக்கு பார்க்கச் சொல்லிக் கைப்பேசியைக் கொடுத்தான். அவள் தொகையைப் படித்தாள். பிறகு அவன் எழுந்துபோய்ப் பாட்டியின் ரசீதுக் கட்டை டின்னிலிருந்து எடுத்து வந்தான். டின் இனித் தாங்காது, அடி துருவில் உதிர்கிறது. ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிளாஸ்டிக் உறையில் நுழைத்து, தன் சான்றிதழுக்குப் பின்னால் வைத்தான். கைநாட்டு இருந்த படிவத்தை மட்டும் மகள் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பாட்டிக்கு எழுதத் தெரியாதாப்பா?" என்று கேட்டாள்.

"எழுதத் தெரியாது. சேர்த்து வைக்கத் தெரியும்" என்றான் அவன்.